குடித்தவனும் பார்த்தவனும்

கவிதை பற்றிய பேச்சு எப்படியோ போதையில் போய் முடிந்துவிடுகிறது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் நண்பர் ஒருவர், பிரக்ஞையின் கட்டுகளை அறுத்துக்கொள்ளாதவனுக்குக் கவிதை சித்திக்காது என்றார். சாட்சிக்குத் தென் அமெரிக்கப் பழங்குடிகளைக் கூப்பிட்டார். அவர்கள் ஒரு பூவை ஊறவைத்துக் குடித்து வேறு உலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாம் காபி குடித்துவிட்டு எழுதுகிறோம். எழுத்து காபி மாதிரியே ஆறிப்போயிருக்கிறது என்பது அவர் கட்சி. காபியைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பூவைப் பற்றிச் சொன்னது உறுத்தியது. அந்தப் பூவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நண்பருடைய கட்சிக்குச் சாதகமாக இல்லை.

1

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போனவர்கள் இந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர். சில இடங்களில் சிறு மரம். ஒரு சாணுக்குக் குறையாத வெள்ளைப் பூக்கள் குழல் குழலாகத் தொங்கும். பகலில் வாசனை அவ்வளவாக இல்லை. அந்தி சாய்ந்ததும் எழும் மணம் தலையைக் கனக்கவைக்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் பங்களாக்களுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடிகளில் ஒன்று. லத்தீனில் ப்ரக்மான்சியா.

நம் ஊமத்தைக்கு இது நெருங்கிய உறவு. வித்தியாசங்களும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஊமத்தைப் பூ வானத்தைப் பார்க்கும். இது தரையைப் பார்க்கும். ஊமத்தங்காயில் முள் உண்டு; இதன் காய் வழவழப்பானது, தானாக வெடிக்காது. ஊமத்தை ஒன்றிரண்டு வருஷத்தில் பட்டுப்போகும். இது தண்டு முற்றி நின்று வாழும். ஃபொய்யே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பெருவிலும் சிலியிலும் சுற்றிவிட்டு 1714இல் இதை விவரித்து எழுதினார். அதை வைத்துக்கொண்டு லின்னேயஸ் 1753இல் இதை ஊமத்தைக் குடும்பத்தில் மரமாக நிற்கும் ஒரு வகை என்று பெயரிட்டார். 1805இல் பெர்சூன் என்பவர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப்ரக்மான்ஸின் பெயரைச் சூட்டினார். அந்தப் பேராசிரியருக்கும் இந்தப் பூவுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. செடிகளுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நன்றிக்கடன்கள்தான்.

அந்த மண்ணின் பெயர்கள் வேறு விதம். கெச்சுவா மொழி பேசுகிறவர்களுக்கு இது வாந்துக். பெருவின் காட்டுப் பகுதிகளில் தொயே. ஈக்குவடாரின் ஷுவார் மக்களுக்கு மைகுவா. ஸ்பானிய மொழி பேசும் கொலம்பியாவில் பொர்ராச்செரோ, அதாவது வெறியேற்றுவது. நம் 'ஊமத்தை'க்குள்ளும் சமஸ்கிருத 'உன்மத்தம்' ஒளிந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் பெயர் வைத்தவன் பூவின் அழகைப் பார்த்து வைக்கவில்லை. குடித்தவனைப் பார்த்து வைத்திருக்கிறான். இது முக்கியம் என்று நினைக்கிறேன். பெயரே வெளியில் நின்று பார்த்தவனின் கூற்று.

போகிற போக்கில் ஒன்று. ஊமத்தையின் பேரினமே அமெரிக்காவில் தோன்றியது என்றுதான் தாவரவியலார் இப்போது கருதுகிறார்கள். கொலம்பஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது இந்தியாவில் இருந்தது என்று ஆர். கீதா, வலீத் கரைபே என்ற இருவர் 2007இல் பழைய நூல்களையும் சிற்பங்களையும் வைத்து வாதிட்டார்கள். தேவாரச் சிவன் சடையில் மத்தம் சூடியவன். அந்தப் பூ எந்தக் கடல் வழியே வந்து அவன் தலையில் ஏறியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2

இந்தச் செடியைப் பற்றிப் பழைய காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் சாட்சியங்களில் கொடூரமானது, இன்றைய போகோட்டாவைச் சுற்றிய பீடபூமியில் வாழ்ந்த முயிஸ்கா மக்களைப் பற்றியது. தலைவன் இறந்தால் அவன் மனைவியரையும் அடிமைகளையும் கூடவே உயிரோடு புதைப்பார்கள். புதைக்கும்முன் புகையிலையும் பொர்ராச்செரோவும் கலந்த பானத்தைக் கொடுப்பார்கள். அவர்கள் தங்களுக்கு நேர்வது இன்னதென்று தெரியாமல் குழியில் இறங்குவார்கள். ஸ்பானிய வரலாற்றாசிரியர்கள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்தச் சாட்சியத்தின் மதிப்பு என்ன? எழுதியவர்கள் ஜெயித்தவர்கள். சோகமோசோவில் இருந்த சூரியன் கோயில் 1537இல் ஸ்பானியப் படையின் கையில் எரிந்துபோனது. எரித்த தரப்பு, எரிக்கப்பட்ட தரப்பின் சடங்குகளைக் குறித்துவைக்கும்போது நாம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்க வேண்டும். ஆனால் தள்ளி நிற்பதும் ஒரு அளவுக்குத்தான். ஐரோப்பியன் எழுதியதால் பொய் என்று முடிவு கட்டுவது, ஐரோப்பியன் எழுதியதால் மெய் என்று நம்புவதற்கு உடன்பிறப்பு. அந்தக் குழியில் இறங்கிய பெண்களின் சாட்சியம் எந்தத் தரப்பிலும் இல்லை. அவர்கள் உயிர் பிழைத்திருந்தாலும் அவர்களால் அதைச் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது சாட்சி, ச்சூடி என்ற சுவிஸ்காரர். 1838 முதல் 1842 வரை பெருவில் திரிந்தவர். 1846இல் பயண நூல் வெளியிட்டார். சிவப்புப் பூ பூக்கும் வகையிலிருந்து காய்ச்சும் 'தோங்கா' என்ற பானத்தை ஓர் இந்தியன் குடித்ததை அவர் விவரிக்கிறார். குடித்தவன் முதலில் கனத்த மயக்கத்தில் விழுகிறான், கண்கள் வெறுமையாகத் தரையில் நிலைக்கின்றன, வாய் இறுகிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் விழிகள் சுழல்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. உடம்பு முழுதும் துடிக்கிறது. பிறகு பல மணி நேரத் தூக்கம். எழுந்தபின் தன் முன்னோர்களோடு பேசிவந்ததாகச் சொல்கிறான். அந்தச் செடிக்கு 'கல்லறைச் செடி' என்று பொருள்படும் பெயரும் இருந்ததாக ச்சூடி சொல்கிறார். பழைய கல்லறைகளில் புதைந்து கிடக்கும் பொக்கிஷங்களை அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். நாட்டையே பறிகொடுத்த ஜனங்கள் பூமிக்கடியில் எதையாவது தேடுவதில் ஆச்சரியமில்லை.

ச்சூடியின் வர்ணனை ஒரு மருத்துவனின் குறிப்பைப் போல இருக்கிறது. கண், வாய், நுரை, துடிப்பு. முன்னோர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. நமக்கு வேண்டியது அதுதான். நம் நண்பரின் கவிதைக் கொள்கைக்கும் வேண்டியது அதுதான்.

3

இந்தச் செடியின் எல்லாப் பாகங்களிலும் ஸ்கோப்பலமின், ஹையோசையமின், அட்ரோப்பின் என்ற ரசாயனங்கள் உண்டு. இவை நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. வாய் உலர்ந்துபோகும், பாப்பா விரியும், வெளிச்சம் கூசும், இதயம் அடித்துக்கொள்ளும், சிறுநீர் தடைபடும், பிறகு பிதற்றல். அளவு கொஞ்சம் கூடினால் மரணம். எந்தச் செடியில், எந்த இலையில், எந்தப் பருவத்தில் எவ்வளவு விஷம் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

பிற மயக்கப் பொருள்களிலிருந்து இதைப் பிரிப்பது வேறொரு குணம். இந்த மயக்கத்தில் இருப்பவன் தான் மயக்கத்தில் இருப்பதை அறிவதில்லை. எதிரே ஆள் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பான். ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டாவது, அந்த நேரத்து அனுபவங்கள் நினைவில் பதிவதே இல்லை. பதிந்ததை மறப்பது வேறு. பதியாமலே போவது வேறு. பிற்பாடு எவ்வளவு துருவினாலும் கிடைப்பவை சில துண்டுகள்தான்.

நவீன மருத்துவம் இந்தக் குணத்தைத் தெரிந்தே பயன்படுத்தியது. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் கிரோனிக், கௌஸ் என்ற இரு மருத்துவர்கள் மார்ஃபினும் ஸ்கோப்பலமினும் சேர்த்துப் பிரசவ வலிக்குக் கொடுத்தார்கள். 1906இல் இதன் முடிவுகள் வெளிவந்தன. 'அந்தி உறக்கம்' என்று பெயர். அமெரிக்காவில் வசதியுள்ள பெண்கள் இது தங்களுக்கும் வேண்டும் என்று 1914 வாக்கில் சங்கம் வைத்தே போராடினார்கள். ஆனால் அந்த முறையில் வலி முழுதாகப் போய்விடவில்லை. பெண்கள் கதறினார்கள், கட்டிலில் புரண்டார்கள், சில இடங்களில் அவர்களைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. கண்விழித்தபோது ஒன்றும் நினைவில்லாததால் வலியே இல்லை என்று சொன்னார்கள். நினைவில் இல்லாத வலி வலிதானா என்று தத்துவக்காரர்கள் வாதிடலாம். பக்கத்தில் நின்ற தாதிக்கு அதில் சந்தேகம் இருந்திருக்காது.

அடுத்த கட்டம் இன்னும் விசித்திரம். டெக்ஸாஸில் ராபர்ட் ஹவுஸ் என்ற மருத்துவர் 1916இல் ஒரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை நிறுக்கத் தராசு எங்கே என்று கேட்க, அரை மயக்கத்தில் இருந்த தாய் சரியான இடத்தைச் சொன்னாள். இந்த மருந்து மனிதனைப் பொய் சொல்ல முடியாதவனாக்குகிறது என்று ஹவுஸ் தீர்மானித்தார். 1922இல் டாலஸ் சிறையில் இரண்டு கைதிகளுக்குக் கொடுத்துக் கேள்வி கேட்டார். 'உண்மை மருந்து' என்ற பிரமை இப்படிப் பிறந்தது. தராசு எங்கே என்று சொன்ன வாயே அடுத்த நிமிஷம் இல்லாத மனிதனோடு பேசும் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பின்னால் மருந்துகள் மாறின, ஆசை மாறவில்லை. நம் நாட்டில் போலீஸார் வேறொரு மருந்தை வைத்து இதே பரிசோதனையைச் செய்துவந்தார்கள். சம்மதமில்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2010இல்.

மயக்கத்தில் வெளிப்படுவது உண்மை என்ற நம்பிக்கையில் டெக்ஸாஸ் மருத்துவரும் நம் நண்பரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

4

தென் அமெரிக்கப் பழங்குடிகள் என்று பொதுவாகப் பேசுவதை விட்டு ஓர் இடத்துக்குப் போவோம். தெற்குக் கொலம்பியாவில், ஆண்டிஸ் மலைமேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் சிபுந்தோய் என்ற பள்ளத்தாக்கு. காம்சா, இங்கா என்ற இரண்டு மக்கள் வாழும் இடம். ஹார்வர்டைச் சேர்ந்த ஷல்ட்டிஸ் 1940களில் இங்கே போனார். விசித்திரமான ஒரு செடியைப் பார்த்தார். இலை மிக ஒடுக்கம். பூவின் குழல் கிட்டத்தட்ட அடிவரை பிளந்திருந்தது. உள்ளூரார் அதைப் பாம்புப் பொர்ராச்செரோ என்றார்கள். ஷல்ட்டிஸ் அதைப் புதிய பேரினம் என்றே கொண்டு 1955இல் ஒரு கிரேக்கப் பெயர் கொடுத்து வெளியிட்டார். தன் ஆசிரியரின் பெயரையும் அதில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அது புதிய பேரினம் அல்ல, ப்ரக்மான்சியாவே உருத்திரிந்த வடிவம் என்று கண்டார்கள்.

ஷல்ட்டிஸ் மீது குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போல அந்தக் காடுகளை நேசித்தவர்கள் குறைவு. ஆனால் தவறு சுவாரஸ்யமானது. இயற்கை செய்தது என்று அவர் நினைத்ததை மனிதர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எப்போதோ ஒரு செடி கோணலாக வளர்ந்திருக்கிறது. யாரோ அதைப் பிடுங்கி எறியாமல் கிளையை ஒடித்து நட்டிருக்கிறார்கள். நாம் முருங்கைப் போத்து நடுவது போலத்தான். போத்தில் வருவது தாய்ச்செடியேதான். விதையில் வருவது போல மாறாது. மெல்வின் பிரிஸ்டல் என்பவர் அங்கேயே தங்கி ஆராய்ந்து 1969இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இப்படிப் பல வகைகளை விவரிக்கிறார். ஒன்று பாம்பு, ஒன்று மலைப்பாம்பு, ஒன்று தேன்சிட்டு, இலை பூச்சி அரித்தது போல இருப்பதால் ஒன்று கம்பளிப்பூச்சி. ஒவ்வொன்றுக்கும் தனி உபயோகம். பூயேஸ் என்ற வகை மூட்டுவலிக்கு. ஒரு வகையை முன்பு வேட்டை நாயின் தீனியில் கலப்பார்களாம், நாய் இரையை நன்றாகக் கண்டுபிடிக்கும் என்று. பாம்பு வகை எல்லாவற்றிலும் கடுமையானது; அதை மருத்துவனைத் தவிர மற்றவர்கள் நெருங்குவதில்லை.

கவனியுங்கள். அன்றாட உபயோகத்தில் பெரும்பகுதி வெளிப்பூச்சு. இலையைச் சூடுகாட்டி வீங்கிய இடத்தில் கட்டுவது, வலிக்கும் மூட்டில் ஒற்றடம் கொடுப்பது, இலை கொதித்த நீரை உடம்பில் விடுவது. குடிப்பது அபூர்வம், அஞ்சிக் குடிப்பது. ஷுவார் மக்களிடையே சிறுவன் மைகுவா குடித்து மூதாதையின் தரிசனத்தைத் தேடி அருவிக்குப் போவான். மைக்கேல் ஹார்னர் 1972இல் வெளியிட்ட நூலில் இது விரிவாக வருகிறது. சிறுவன் தனியே போவதில்லை. தகப்பனோ வயதான ஒருவரோ உடன் போகிறார். அடங்காத பிள்ளைக்கு மைகுவா கொடுத்தால் முன்னோர் வந்து புத்தி சொல்வார்கள் என்றும் ஒரு பழக்கம். அங்கேயும் கொடுப்பவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

இதைப் படித்தபோதுதான் ச்சூடியின் இந்தியன் எனக்கு விளங்கினான். முன்னோர் பேசினார்கள் என்று அவன் சொன்னது பொய்யல்ல. நினைவில் தங்கிய சில துண்டுகளை அவன் சமூகம் அவனுக்குத் தந்திருந்த மொழியில் கோத்துச் சொன்னான். அந்த மொழி செடியில் இல்லை. எந்த இலை, எத்தனை, எப்போது, யாருக்கு, யார் துணை என்று விழித்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு அது. குடித்தவனால் அதைச் சேர்த்திருக்க முடியாது. அவனுக்குத்தான் ஒன்றும் தங்குவதில்லையே.

கார்லோஸ் காஸ்டநேடா 1968இல் ஊமத்தைக் களிம்பு பூசிக்கொண்டு பறந்ததாக எழுதினார், லட்சக்கணக்கில் விற்றது. 1976இல் ரிச்சர்ட் டி மில் அந்த நூல்களில் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று காட்டினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எல்லாமே அவருக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருந்ததுதான்.

இன்னொரு செய்தி. ப்ரக்மான்சியாவின் எல்லா இனங்களையும் 2014இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'காட்டில் அற்றுப்போனவை' என்று பட்டியலிட்டது. தானாக விதை பரவி முளைத்து வாழும் ப்ரக்மான்சியா அதன் சொந்த மண்ணில் இல்லை. அதன் காயைத் தின்று விதையைப் பரப்பிய பெரிய மிருகங்கள் எப்போதோ அழிந்துபோனதால் இப்படி ஆயிற்று என்று ஓர் ஊகம். ஆண்டிஸ் மலைகளில் இன்று அது நிற்பதெல்லாம் யாரோ போத்து ஒடித்து நட்டதால். காட்டின் ரகசியம், ஆதிமனத்தின் பூ என்றெல்லாம் நாம் பேசும் செடி, வீட்டு வேலியில் மனிதன் கையால் உயிரோடிருக்கிறது.

5

கொலம்பியாவின் நகரங்களில் இன்று இந்தச் செடியின் பெயர் வேறு காரணத்துக்காக அடிபடுகிறது. ஸ்கோப்பலமினைப் பானத்தில் கலந்து கொடுத்துத் திருடுகிறார்கள். முகத்தில் பொடியை ஊதினால் ஆள் பொம்மையாகிவிடுவான் என்ற கதையை நம்புவது கடினம். குடிக்கவைத்துத் திருடுவது மெய். நம் நாட்டிலும் வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதை கலந்த உணவைக் கொடுத்துக் கொள்ளையடித்தவர்கள் உண்டு. நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட மருத்துவச் சட்ட நூலில் அந்த வழக்குகள் வருகின்றன. கொலம்பியச் சம்பவங்களில் என்னைத் தொந்தரவு செய்வது ஒரு விவரம். பாதிக்கப்பட்டவர் தானே நடந்துபோய்த் தன் பணத்தைத் தன் கையால் எடுத்துக்கொடுக்கிறார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை.

கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு உறவுக்காரர் ஒருவர் வந்தார். தவணை முடியாத டெபாசிட்டை உடைக்க வேண்டும் என்றார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன்; ஒரு சுழிகூட மாறவில்லை. அவருக்கு யாரும் எதையும் குடிக்கக் கொடுத்திருக்கவில்லை. வயசு செய்கிற வேலைதான். நான் பாஸ் செய்தேன். பணம் கைமாறிய பிறகு கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் என்னிடம், "இது எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். உறவுக்காரர் சிரித்து, "வாங்க, போகலாம்" என்று தோளைப் பிடித்துத் திருப்பினார். நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

அவர் அன்று எழுதிய கையெழுத்து அவருக்கு நினைவிருக்காது. அந்த வவுச்சரில் இருப்பது எதற்குச் சாட்சி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது நான், விழித்திருந்ததும் நான். அதனால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பும் என்னுடையது என்று தோன்றுகிறது.

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். சிபுந்தோயில் குடிக்கிறவனும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பவனும் உண்டு. எழுத்து இந்த இரண்டாவது ஆளின் வேலை. அதற்குக் காபி போதும்.